தலைப்பெழுத்து

பன்னிரண்டு அடிக்க இன்னும் நாலு நிமிஷம்.
சத்துவாச்சாரி மலையடிவாரத்தில்
ஏசி மட்டும் பேசும் அறை.
பழைய பெயரைக் கடைசியாக ஒருமுறை
ஹெட்போனில் ஓடவிட்டுக் கேட்கிறேன்.
என் குரல்தான். ஐந்து விநாடி.
நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது
ஆர்.கே.வி. பண்பலை.

கோதண்டம் தன் பங்கை
வாலாஜாவில் ஒரு கல்யாண மண்டபமாக
மாற்றிக்கொண்டு போய்விட்டார்.
பத்திரத்தில் கையெழுத்துக் காய்வதற்குள்
அவர் அண்ணனிடமிருந்து போன்.
"கிருபா, அந்தக் கே-யை மட்டும் வெட்டிடும்மா."
வெட்டினேன்.
ஆருக்கும் வீக்கும் நடுவே
ஒரு சின்ன மூச்சு தங்கிவிட்டது,
கே சொல்வதற்காக நான் இழுத்தது.
மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியதாயிற்று.

நான் சேர்ந்தபோது இது பாலாறு பண்பலை.
பெங்களூரிலிருந்து வந்த விளம்பரக்காரர்
பாலத்தில் கார் நின்றபோது
கீழே பார்த்திருக்கிறார்.
"தண்ணி இல்லாத ஆத்துப் பேருல
நான் மினரல் வாட்டர் விக்கணுமா?"
பெயர் போனது.
அடுத்த ஐப்பசியில் கரை முட்ட வந்தது ஆறு.
எந்தத் தரைப்பாலம் மூழ்கியது,
எந்தப் பள்ளிக்கு விடுமுறை
என்றெல்லாம் இரவு முழுக்க வாசித்தேன்,
கோட்டை எஃப்எம் என்ற பெயரில்.

கோட்டைக்கு ஆயுள் இரண்டரை வருஷம்.
நஷ்டம் என்றதும்
ஆற்காட்டிலிருந்து எண்கணிதக்காரர் வந்தார்.
ஆங்கிலத்தில் ஒரு டி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார்.
பலகையில் மூன்று டி ஆயிற்று.
வாயால் சொல்லும்போது என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.
"மனசுல அழுத்திச் சொல்லும்மா."
அழுத்தித்தான் சொன்னேன்.
கடன்காரர்களுக்குக் கேட்டிருக்கும் போல.

ஒவ்வொரு முறையும் நாலு நாள் போன் வரும்,
ஸ்டேஷன் மாறிடுச்சா, நீங்களும் போயிடுவீங்களா என்று.
பிறகு பழகிவிடுவார்கள்.
முனீர் பாஷா பழகவில்லை.
ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பொன்றில் இரவுக் காவல்.
போன் செய்யமாட்டார், அஞ்சலட்டைதான்.
ஒரு பாட்டு, அதை விரும்பிக் கேட்போர் ஐந்து பேர்.
ஐந்தும் ஷாப்பு நாய்கள் என்று
ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.
முகவரி மாறாது:
பாலாறு பண்பலை, சத்துவாச்சாரி, வ.ஆ. மாவட்டம்.

அந்த வ.ஆ. எந்தக் காலத்திலோ போய்,
இருந்ததும் மூன்றாகப் பிரிந்து,
அவர் உட்கார்ந்து எழுதும் இடமே
இப்போது வேறு மாவட்டம்.
"எப்படிங்க வந்து சேருது?"
தபால்காரர் சாந்தமூர்த்தி அட்டையைத் திருப்பிக் காட்டினார்.
"ஆறு மூணு ரெண்டு சைபர் சைபர் ஒம்போது.
எனக்கு இது போதும் மேடம்.
மேல எழுதினதெல்லாம் உங்களுக்கு."

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் த. கிருபாவதி.
ரேஷன் கார்டில் சா.
குடும்ப நீதிமன்றத்துப் படி இறங்கி
நேராக இங்கே வந்த மாலை
சம்பளப் பட்டியலில் மறுபடி த. போடச் சொன்னேன்.
ஏன் என்றார் கணக்கர்.
"பங்குதாரர் விலகிட்டார்."
அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு.
ஒன்று முடிய இன்னொன்று தொடங்கவேண்டும்,
இடைவெளி கூடாதென்பது விதி.
இரண்டு விநாடி விட்டேன்.
காட்பாடியில் கடைசி ரயிலுக்கு நிற்கும் ஆட்டோக்களில்,
ஆஸ்பத்திரி வாசலில்
பாய் விரித்துப் படுத்திருப்பவர்களின் காதுகளில்,
நூற்றியொன்று புள்ளி ஏழில்
யாருடைய பெயரும் இல்லை.
நிலையம் செத்திருந்தால்
உஸ்ஸென்று இரையும்.
இரையவில்லை.
அலை ஓடிக்கொண்டிருந்தால்தான்
இவ்வளவு சுத்தமாக இருக்கும்
அந்த அமைதி.

பிறகு ஆர்.வி. பண்பலை.
ஐந்து விநாடி, புது மூச்சோடு.
பிறகு மைக்கைத் திறந்து
மேஜையிலிருந்த அட்டையை
எழுதியிருந்தபடியே வாசித்தேன்:
பாலாறு நேயர்கள்
மணி, ஜூலி, டைகர், செவலை,
இன்னொரு மணி.